கிரைண்டர் சத்தமும் சக்கரத்து பேரிங்கும்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இந்த வளைவுகளில் குடும்பத்தை ஏற்றி இறக்குகிறவர்களோடு இன்று சக்கரத்து பேரிங்கைப் பற்றி, அதாவது சக்கரம் உராயாமல் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வண்டியில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது என் மனைவி. "ஏங்க, பின்னாடி யாரோ கிரைண்டர் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். டயர் சத்தம் என்று சொல்லிவிட்டேன். டயர் இல்லை, பேரிங். மாற்றினோம். நாலே மாதத்தில் மறுபடியும் கிரைண்டர். மறுபடியும் மாற்றினோம், அதுவும் போயிற்று. மூன்றாவது முறை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். புதுப் பேரிங்கை ஒரு பையன் சுத்தியலால் டக் டக்கென்று அடித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தான்!

கழற்றிப் போட்ட பேரிங்கை வாங்கி வந்து பிரித்தேன். குண்டுகள் ஓடும் வளையத்தில், சம இடைவெளியில், நகம் பட்டது போல வரிசையாகப் பள்ளங்கள். அடி வெளிவளையத்தில் விழாமல் குண்டுகள் வழியாகப் போனால் இப்படித்தான். அதனால் சொல்கிறேன்: பிரஸ், அதாவது பேரிங்கை அடிக்காமல் அழுத்தியே இறக்கும் இயந்திரம், இல்லாத கடையில் பேரிங் மாற்றாதீர்கள். சுத்தியலைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இதை இன்னொரு தரமும் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வண்டியே உதவும். இடது பக்கம் வளையும்போது உறுமல் கூடினால், பெரும்பாலும் வலது பக்கத்துப் பேரிங். வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது அல்லவா, அதுதான். கியர் மாற்றினாலும் சத்தம் மாறாது, வேகத்தோடுதான் ஏறும் இறங்கும்.

அப்புறம் நம் மலைக்கே உரிய ஒரு பழக்கம். பெரிய கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, வழியில் பர்லியாரில் கருகல் வாடை வந்ததும் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் கொட்டுகிறோம். சூடேறிய ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி, திடீரென்று குளிர்ந்தால் சீல் என்கிற ரப்பர் மூடி வழியே ஈரத்தை உள்ளே இழுக்கும், பேரிங்கின் கிரீஸ் கெடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். சூடானால் நிறுத்துங்கள், ஆறட்டும். தண்ணீரை நாம் குடிப்போம்.

சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஹப்பும் சேர்ந்து போகும், செலவு பல மடங்காகும். அதைப் பற்றி, டயர் அளவு பற்றியெல்லாம் பேச வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று: சக்கரத்து அச்சின் முனையில் இருக்கும் பழைய ஆக்ஸில் நட்டைத் திரும்பப் போடவிடாதீர்கள், புது நட்டை டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர், வைத்து முறுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.