இலை தோற்கவும் இடம் கொடுங்கள்

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களும் சித்த வைத்தியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் மூத்த வைத்தியர்களும் ஆசான்மாரும் இருக்கிறீர்கள். பின்னால் தாவரவியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் பிள்ளைகள். இந்த இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது அபூர்வம். அதனால் இருவரிடமும் சேர்த்தே பேசுகிறேன்.

நம் மாவட்டத்தில் பச்சிலைக்குப் பஞ்சமில்லை. மருந்துவாழ் மலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் காட்டோடு காடாக வாழ்ந்து சேர்த்த அறிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வேலியில் நொச்சி, ஆடாதொடை, முற்றத்தில் துளசி, கற்பூரவல்லி, காலடியில் குப்பைமேனி. இவற்றில் ஒன்றைப் பறித்து பாக்டீரியாவைக் கொல்லுமா என்று சோதிக்கும் ப்ராஜெக்ட் வருஷம் தவறாமல் நடக்கிறது. மிகவும் நல்லது. ஆனால் முடிவில் எழுதும் வரி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த இலைக்கு பாக்டீரியாவை எதிர்க்கும் ஆற்றல் உண்டு." எந்த இலையை எடுத்தாலும் அதே விடை வந்தால், சோதித்த விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லாரும் பாஸாகும் பரீட்சையில் நூறு மார்க் வாங்கியவனை யார் மெச்சுவார்கள்?

முதலில் இலையைப் பறிப்பதிலிருந்து தொடங்குவோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும் வெயிலும் அடித்து வளர்ந்த நொச்சியும் குலசேகரத்தில் மழையில் நனைந்து வளர்ந்த நொச்சியும் பெயரில் ஒன்று. உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் அளவில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊர், எந்த மாதம், பூத்த செடியா, இளம் தளிரா என்று குறித்து வையுங்கள். பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியல் துறையில் அடையாளம் உறுதி செய்து, அந்த மாதிரிக்கு ஒரு எண் வாங்குங்கள். இந்த எண் இல்லாத ஆய்வை அடுத்தவர் திரும்பச் செய்து பார்க்கவே முடியாது.

அப்புறம் உலர்த்துவது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் மாதம் நிழலில் காயப்போட்ட இலை காய்வதற்கு முன் பூசணம் பிடித்துவிடும். பூசணமும் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருளைச் சுரக்கும். 1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது அப்படிப்பட்ட ஒரு பூசணத்தில்தானே! அந்த இலையை அரைத்துச் சோதித்துவிட்டு வந்த பலனை நொச்சியின் கணக்கில் எழுதினால் அது நியாயமா? கறுத்த இலை, வெள்ளை படிந்த இலை எதையும் சேர்க்காதீர்கள்.

சாறு எடுக்கும் இடத்தில் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன். மாணவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் மெத்தனால் என்ற கரைப்பான். அது பல வகைப் பொருள்களைக் கரைத்து இழுக்கும், வசதியானது. ஆனால் வீட்டில் யாரும் இலையை மெத்தனாலில் போடுவதில்லை. ஆடாதொடையைக் கஷாயம் வைக்கிறார்கள். நொச்சியை வேது பிடிக்கிறார்கள். கற்பூரவல்லியை வாட்டிப் பிழிகிறார்கள். குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசுகிறார்கள். ஒவ்வொன்றிலும் வெளியே வருகிற பொருள் வேறு. வேதில் மூக்குக்கு வருவது ஆவியாகும் எண்ணெய். இலையை நாள்கணக்கில் காயவைத்துப் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறு எடுக்கும் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் அந்த எண்ணெயில் பெரும்பகுதி போய்விடும். பிறகு "நொச்சியில் ஒன்றும் இல்லை" என்று எழுதினால் அந்தத் தீர்ப்பு நொச்சிக்கு உரியதல்ல.

சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது இதே சிக்கல்தான் வந்தது. அது பாக்டீரியா நோய் இல்லை, ஆனாலும் பாடம் நமக்கானது. அவர்கள் எடுத்த செடியின் சாறு ஒரு முறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாறு எடுத்தார். 1971இல் பலன் கிடைத்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு. செடியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, செய்முறையை விட்டிருந்தால் அந்த மருந்து கைக்கு வந்திருக்காது. ஆகவே மக்களே, பாட்டியிடம் எந்த இலை என்று கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். எப்படிச் செய்வீர்கள் என்பதையும் கேளுங்கள்.

சரி, இப்போது பாக்டீரியா வளர்க்கும் தட்டுக்கு வருவோம். முல்லர் ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தை 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி உறையவிட்டிருக்கிறீர்கள். 0.5 மெக்ஃபார்லாண்ட் என்ற அளவுக் கலங்கலுக்குச் சரிசெய்த பாக்டீரியாக் கரைசலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து, தட்டைத் திருப்பித் திருப்பி மூன்று திசையிலும் தேய்க்கிறீர்கள். 6 மில்லிமீட்டரில் குழி வெட்டி, கரும்பச்சைச் சாற்றை மைக்ரோபிப்பெட்டில் 50 மைக்ரோலிட்டர் விடுகிறீர்கள். மறுநாள் காலை தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் குழியைச் சுற்றி ஒரு வட்டம். அந்த நேரத்து மகிழ்ச்சி எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கேலை எடுக்கும் முன் உற்றுப் பாருங்கள். சில சமயம் அது பச்சையம் அகாரில் ஊறிய கறையாக இருக்கும்; அதற்குள்ளேயே பாக்டீரியா மெல்லிய படலமாக வளர்ந்திருக்கும். கறையை அளக்கக் கூடாது, வளர்ச்சி நின்ற இடத்தைத்தான் அளக்க வேண்டும். அதே தட்டில் வெறும் கரைப்பான் விட்ட குழியையும் பாருங்கள். அதைச் சுற்றியும் வட்டம் இருந்தால் உங்கள் இலை இன்னும் எதையும் நிரூபிக்கவில்லை. புளியந்தளிர் மாதிரிப் புளிப்பான சாறு என்றால் அமிலம் மட்டுமே வளர்ச்சியைத் தடுத்திருக்கலாம். பிஎச், அதாவது அமில அளவு, பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்தது, என்னை மிகவும் வருந்த வைக்கிற விஷயம். "சிப்ரோஃப்ளாக்சசினை விட எங்கள் இலை மேல்" என்று ஒரு ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டு எழுதுகிறார்களே, அது. கணக்குப் போடுவோம். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைத்த சாற்றில் 50 மைக்ரோலிட்டர் விட்டால், குழிக்குள் போவது 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். பக்கத்தில் வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! போதாததற்கு, வட்டத்தின் அகலம் பொருளின் வலிமையை மட்டும் பொறுத்ததல்ல. நீரில் எளிதாகப் பரவும் பொருள் அகலமாக ஓடும். எண்ணெய்ப் பசையுள்ளது எவ்வளவு வீரியமாக இருந்தாலும் குழியருகிலேயே நிற்கும். மில்லிமீட்டரை வைத்து இரண்டு இலைகளுக்குப் போட்டி வைக்க முடியாது.

அதனால்தான் எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு, பார்க்கச் சொல்கிறோம். 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பது. ரெசாசுரின் என்ற சாயம் சேர்த்தால் உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே தடுத்தால் கவனிக்க வேண்டிய சரக்கு என்று பலரும் கொள்கிறார்கள். பல மில்லிகிராம் ஊற்றினால்தான் தடுக்கிறது என்றால், மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

மூத்தோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தட்டில் இலை தோற்றால் வைத்தியம் தோற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் வெட்டும்போது கையில் கத்தி பட்டால், மேற்கே கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் செடியைக் கசக்கிப் பிழிவார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை அது. அதன் இலை இரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும். பாக்டீரியாத் தட்டு அந்தக் குணத்தைக் காட்டவே காட்டாது. இன்னொன்று நீரடிமுத்து மரம். சல்ஃபோன் மருந்துகள் வருவதற்கு முன் தொழுநோய்க்கு அதன் வகை எண்ணெயைத்தான் உலகம் நம்பியிருந்தது. அந்த எண்ணெயில் சிறிதளவு இருப்பதாக முன்பே தெரிந்திருந்த ஒரு பொருளை 2000இல் வேறு செடிகளிலும் கண்டார்கள். அது தனியாக பாக்டீரியாவைக் கொல்வதில்லை. மருந்தை வெளியே தள்ளும் பாக்டீரியாவின் பம்பை அடைத்துவிடுகிறது; அந்தச் செடிகளில் உடனிருக்கும் பெர்பெரின் என்ற பாக்டீரியா எதிர்ப்புப் பொருள் அப்போது வேலை செய்கிறது. தனியாகச் சோதித்தவருக்கு அது பூஜ்யமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஜெயித்த இலைக்கும் வேலை முடியவில்லை. அரளி இலைச்சாறு தட்டில் வட்டம் காட்டினாலும் குடித்தவனின் இதயத்தை நிறுத்திவிடும். மனித செல்லுக்கு என்ன செய்கிறது என்று பார்க்காமல் "மருந்து" என்ற சொல்லை எழுதாதீர்கள். 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புது மருந்து அவசியம் வேண்டும். அதற்காக, டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு யாரும் இந்தத் தட்டை நம்பிக் கஷாயத்துக்கு மாறிவிடக் கூடாது. தட்டை வைத்து அப்படி ஒரு நம்பிக்கையை ஊட்டும் உரிமை நமக்கு இல்லை.

கடைசியாக வைத்தியர் ஐயாக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களைத் தேடி மாணவர்கள் வருவார்கள். இலையோடு சேர்த்து, எந்த நேரம் பறிப்பீர்கள், தண்ணீரா எண்ணெயா, எவ்வளவு நேரம் காய்ச்சுவீர்கள், எத்தனை நாளில் கெட்டுப்போகும் என்பதையும் சொல்லுங்கள். மாணவர்களே, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள். முடிவு வந்ததும், இலை ஜெயித்தாலும் தோற்றாலும், அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். காணிக் குடியிருப்புக்குப் போகிறவர்கள் ஊர் மூப்பனைப் பார்த்து அனுமதி கேட்ட பிறகே செடியில் கை வையுங்கள். இப்போது கேள்விகளைக் கேட்கலாம்; மூத்தவர்கள் தொடங்குங்கள்.