கேரி கோல்மனின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தை நட்சத்திரம் என்றதும் நமக்கெல்லாம் ஒரு கதை மனப்பாடம். சின்ன வயதில் புகழ், கை நிறையப் பணம், பிறகு கெட்ட சகவாசம், வீழ்ச்சி. "பணம் தலைக்கேறிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். இன்று நான் பேச வந்திருக்கும் மனிதருக்கு அந்தக் கதை பொருந்தாது. கேரி கோல்மன் என்ற அமெரிக்க நடிகரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு வகைக் காகிதங்களைப் புரட்ட வேண்டும். ஒன்று மருத்துவக் குறிப்பு, இன்னொன்று கணக்குப் புத்தகம்.

முதலில் மருத்துவம். கேரி பிறந்தது 1968 பிப்ரவரி 8, இல்லினாய் மாநிலத்தில் சயன் என்ற ஊரில். சின்னக் குழந்தையாக இருந்தபோதே ஒரு தம்பதி தத்தெடுத்தார்கள். சிறுநீரக நோய் கூடவே வந்தது. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் தழும்பேறி, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யாமல் போகும் நோய் அது. 1973-ல் முதல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். அப்போது அவருக்கு 5 வயது.

புது உறுப்பை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் இருக்க, அந்தக் காலத்தில் உறுப்பு மாற்றியவர்களுக்கு அசாத்தியோபிரின் என்ற மாத்திரையும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும்தான் கதி. இதே வேலைக்குப் பின்னால் வந்த சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1983-ல்தான். ஸ்டீராய்டு இரண்டு வேலை செய்யும். எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சிப் பகுதியை மந்தமாக்கும். முகத்தில் கொழுப்பைச் சேர்த்து, கன்னத்தை உப்பச் செய்யும். நோயே பாதி வளர்ச்சியைத் தின்றிருக்க, மருந்து மீதியைத் தின்றது. அவர் 4 அடி 8 அங்குலத்துக்கு மேல் வளரவே இல்லை. அமெரிக்கா முழுக்க ஆசையோடு கிள்ள நினைத்த அந்தப் பந்துக் கன்னங்களில் மருந்தின் பங்கும் இருந்தது. உடம்பின் குறையே சந்தையில் சரக்காகிவிட்டது.

1978 நவம்பர் 3-ல் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த இரண்டு கறுப்பினச் சிறுவர்களை ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் தன் வீட்டுக்கு அழைத்துவந்து வளர்க்கிறார், அதுதான் கதை. தம்பி ஆர்னால்டு வேடம் கேரிக்கு. அண்ணன் வில்லிஸாக டாட் பிரிட்ஜஸ், பணக்காரரின் மகளாக டேனா பிளேட்டோ. அண்ணன் ஏதாவது சொன்னதும் கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, நீ என்ன பேசுகிறாய் என்று கேட்கும் ஒரு வசனம் இருந்தது. அந்த ஒற்றை வரி சாகும்வரை அவரைத் துரத்தியது.

இந்த மாதிரித் தொடர்களுக்கு ஒரு வாரம் என்பது ஒரு அத்தியாயம். முதல் நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை வாசிப்பார்கள். அடுத்து நடமாட்ட ஒத்திகை. பிறகு தொலைக்காட்சி நிறுவனத்தார் முன்னால் ஓட்டிக் காட்டுவது. அதற்கப்புறம் கேமராக்களோடு ஒரு நாள். கடைசியில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பதிவு. ஒவ்வொரு ஒத்திகைக்குப் பின்னும் வசனம் மாறும். நேற்று மனப்பாடம் செய்தது இன்று குப்பை. ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள். இதையெல்லாம் மாத்திரை நேரம் தவறாமல் ஒரு பத்து வயதுப் பையன் செய்தான். 1984-ல் இரண்டாவது முறையும் சிறுநீரகம் மாற்றினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் செயற்கையாகச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ்தான் கதி. அது என்ன பாடு என்று வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தில் படுக்கிற வகையானால் வழக்கமாக வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். அடுத்த நாள் அசதி தனி.

சம்பளம் உச்சத்தில் ஓர் அத்தியாயத்துக்கு 1 லட்சம் டாலர் வரை போனதாகச் சொல்லப்பட்டது. பிறகு நடந்ததில் ஒரு தேதிப் பொருத்தம் இருக்கிறது. 1986 பிப்ரவரி 8-ல் அவருக்கு 18 வயது நிறைந்தது. மார்ச் 7-ல் தொடரின் கடைசிப் புதிய அத்தியாயம் ஒளிபரப்பானது. சட்டப்படி தன் பணத்தைத் தானே கேட்கும் உரிமை கிடைத்து ஒரு மாதத்துக்குள் புதிய வருமானத்தின் ஊற்று அடைபட்டது.

1989-ல், 21 வயதில், தன்னை வளர்த்த பெற்றோர் மீதும் முன்னாள் நிதி ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார். தன் பெயரில் ஒதுக்கிவைத்த டிரஸ்ட் பணத்தை முறையில்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது புகார். 1993-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தொகை 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர். பெரிய தொகைதான். ஆனால் எட்டு ஆண்டுகள் ஒரு தொடரைத் தோளில் சுமந்தவரின் சம்பாத்தியத்தோடு வைத்துப் பார்த்தால் அது சில்லறை. வக்கீல் செலவும் மருத்துவச் செலவும் அதில் கைவைத்தன. 1999-ல் திவால் மனு கொடுத்தார்.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. அதுதான் விசித்திரம். 1920-களில் சாப்ளினுடன் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் என்ற சிறுவன் பெரியவனானதும் தன் பணத்தைக் கேட்டார். அவர் சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. தாயும் மாற்றாந்தந்தையும் தர மறுத்தார்கள். 1938-ல் வழக்குப் போட்டு, கடைசியில் கையில் வந்தது 1,26,000 டாலர். அன்றைய கலிஃபோர்னியாவில் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். அந்த அமளியில் 1939-ல் பிறந்ததுதான் கூகன் சட்டம்.

ஓட்டை எங்கே என்று பாருங்கள். சிறுவரோடு போட்ட ஒப்பந்தத்தை அந்தச் சிறுவர் பின்னாளில் "செல்லாது" என்று உதறிவிடலாம். அந்தப் பயத்தில் நிறுவனங்கள் பெரிய ஒப்பந்தங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கிவைத்துக்கொள்ளும். அப்படி வந்த ஒப்பந்தங்களில் மட்டும்தான், நீதிபதி விரும்பினால், ஒரு பகுதியைச் சேமிப்பில் போடச் சொல்லலாம். ஒப்பந்தம் நீதிமன்றப் படியேறாவிட்டால் சட்டம் அதைத் தொடாது. அப்படியே பணம் ஒதுக்கப்பட்டாலும் மீதிப் பணம் வீட்டாருடையது என்ற அடிப்படை மாறவில்லை. அப்பா, அம்மாவே மேனேஜர் என்று உட்கார்ந்து கமிஷன் எடுத்தால் அது திருட்டும் ஆகாது, தொழில்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைக்கு 1,000 டாலர் சம்பளம் வருகிறது. ஏஜென்டுக்கு 10 சதவீதம், 100 டாலர். மேனேஜருக்கு 15 சதவீதம் என்று வைத்தால் 150. வக்கீலுக்கு 5 சதவீதம், 50. இங்கேயே 300 போய்விட்டது. பிறகு வரி. அதற்குப் பிறகு வீட்டு வாடகை, கார், பிள்ளையோடு படப்பிடிப்புக்கு வருவதற்காக வேலையை விட்ட தாயின் செலவு. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லாமலே கணக்கு வறண்டுவிடும். கெட்ட எண்ணமும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம். தன் நிலைக்கு யார் காரணம் என்று கேட்டபோது கேரி ஒரு வட்டமாகச் சொன்னார். தன்னில் தொடங்கி, கணக்காளர், பெற்றோர், ஏஜென்ட், வக்கீல் என்று போய்த் திரும்பத் தன்னிடமே முடித்தார். இவ்வளவு நேர்மையாகப் பேசிய முன்னாள் நட்சத்திரங்கள் குறைவு.

உடன் நடித்தவர்கள் கதையும் லேசானதல்ல. 1983-ல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகன் இதே தொடரில் வந்து, போதைப்பொருளை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் பேசினார். அந்தச் செட்டில் இருந்த டாட் பிரிட்ஜஸ் பின்னாளில் போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டார். டேனா பிளேட்டோ மீளவில்லை. 1999-ல் 34 வயதில் இறந்தார். கேரி அந்தப் பக்கம் போனவரல்ல. அவருடைய மல்லுக்கட்டு வேறு: எப்படிப் பிழைப்பது? 1990-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாதுகாவலர் வேலை பார்த்தார். 1998-ல் ஒரு சீருடைக் கடையில் கையெழுத்துக் கேட்டு வந்த ஒரு பேருந்து ஓட்டுநரோடு வாய்த்தகராறு முற்றி, அவரை அடித்துவிட்டார். வழக்காகி, ஊரெல்லாம் சிரித்தது. பிழைப்புக்காகப் பாதுகாவலர் உடுப்பு வாங்க வந்த இடத்தில், பழைய வேடத்தின் பெயரால் ஒருவர் வழிமறிக்கிறார். அவர் அடித்தது தவறுதான். ஆனால் சிரித்தவர்களின் பக்கம் சேர எனக்கு மனம் வரவில்லை.

2003-ல் கலிஃபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸைப் பதவிக்காலம் முடியும் முன்பே திரும்ப அழைக்கத் தேர்தல் வந்தது. 135 வேட்பாளர்களில் கேரியும் ஒருவர். ஒரு வார இதழ் வேடிக்கையாக அவர் பெயரை முன்வைத்து, வேட்புமனுக் கட்டணத்தையும் கட்டியது. 14,242 வாக்குகள் பெற்று எட்டாவதாக வந்தார். வென்றவர் பெயரும் ஆர்னால்டு, ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர். இந்த இடத்தில் வரலாறு ஒரு குறும்பு செய்திருக்கிறது. பதவி பறிபோன அதே டேவிஸ் கையெழுத்திட்டுத்தான் கூகன் சட்டத்தின் பழைய ஓட்டைகள் சில அடைபட்டன. அந்தத் திருத்தம் 2000 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கேரிக்கு அப்போது வயது 31. அவருக்கு ஒரு காசு பயனில்லை.

2005-ல் அவர் யூட்டா மாநிலத்தின் சாண்டக்வின் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். 2010 மே மாதம் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டு, மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு, 28-ஆம் தேதி புரோவோ நகர மருத்துவமனையில் இறந்தார். வயது 42. அதற்குப் பிறகும் காகிதம் விடவில்லை. எந்த உயில் செல்லும் என்று சண்டை. 2005-ல் எழுதியது ஒன்று, 2007-ல் கையால் எழுதிய குறிப்பு இன்னொன்று. 2012-ல் நீதிமன்றம் 2005 உயிலையே ஏற்றது.

கலிஃபோர்னியாவின் இப்போதைய நடைமுறையைச் சொல்கிறேன், ஏனென்றால் கேரியின் தலைமுறை இழந்ததை வைத்து எழுதியது அது. பால் பீட்டர்சன் என்ற முன்னாள் குழந்தை நடிகர் 1990-ல் தொடங்கிய அமைப்பு இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியது. முதல் மாற்றம், சம்பாத்தியம் பிள்ளையின் தனிச்சொத்து. பெற்றோருடையது அல்ல. இரண்டாவது, ஒப்பந்தம் நீதிமன்றம் போனாலும் போகாவிட்டாலும் மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதம், கமிஷனும் வரியும் பிடிப்பதற்கு முன்பாகவே, பூட்டிய கணக்குக்குப் போக வேண்டும். போட்ட பணத்தை 18 வயதுக்கு முன் எடுக்க நீதிமன்ற ஆணை வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி 7 வேலை நாட்களுக்குள் பெற்றோர் கணக்கைத் திறக்க வேண்டும். வங்கியில் "சேமிப்புக் கணக்கு" என்று கேட்டால் தவறிவிடும், "கூகன் கணக்கு" என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பின்னணிக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. பெற்றோர் கணக்கே திறக்காவிட்டால் நிறுவனம் அந்தப் பணத்தைக் கலைஞர் நல நிதி அமைப்பு ஒன்றில் கட்டிவிடும். அங்கே உரிமை கோராமல் கிடக்கும் பணம் நிறைய. தனக்கு இப்படி ஒரு தொகை இருப்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள் உண்டு. 15 போக மீதி 85? அது பெயரளவில் பிள்ளையுடையது, புழங்குவது பெற்றோர் கையில். ஓட்டை சுருங்கியிருக்கிறது, அடைபடவில்லை.

வேலை நேரமும் அங்கே வயதுக்குத் தக்க அளந்திருக்கிறது. பள்ளி நாளில் 9 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை படப்பிடிப்பில் மொத்தம் 9 மணி நேரம் இருக்கலாம். அதில் நடிப்பு 5, படிப்பு 3, ஓய்வு 1. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு 2 மணி நேரம் இருப்பு, 20 நிமிட வேலை. கைக்குழந்தை வேடத்துக்கு இரட்டையரைத் தேடுவது இதனால்தான். செட்டில் ஓர் ஆசிரியர் இருப்பார். பாடம் நடத்துவது பாதி வேலை, கடிகாரம் பார்ப்பது மறுபாதி. நேரம் முடிந்தால் பிள்ளையை எழுப்பிக்கொண்டு போக அவருக்கு அதிகாரம் உண்டு, இயக்குநர் எவ்வளவு பெரியவரானாலும்.

நம் நாட்டில் 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளும் இதே வழியில் வந்தவை. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து 3 மணி நேரம் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். பிள்ளையைத் தொடருக்கோ பாட்டுப் போட்டிக்கோ அனுப்பும் பெற்றோர், தயாரிப்பாளரிடம் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி நகலையும் அந்த வைப்பு ரசீதையும் கேட்டு வாங்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

புதிய சிக்கல் தொலைக்காட்சியில் இல்லை, அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. கேரி பிறந்த இல்லினாய் மாநிலமே 2024 ஜூலை 1 முதல், குடும்பக் காணொளிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தோன்றும் பிள்ளைக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஒதுக்காவிட்டால் பிள்ளை வழக்குத் தொடரலாம். பணத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்திருக்கிறது. நேரத்துக்கு இன்னும் இல்லை. வீட்டுச் சமையலறையில் படம் பிடிக்கும்போது, மூன்றாவது முறை கேக்கை ஊதி அணைக்கச் சொல்லும்போது, கடிகாரத்தைப் பார்த்து "போதும், பிள்ளையை விடுங்கள்" என்று சொல்ல அங்கே ஆசிரியர் இல்லை.

வணக்கம்.