இடித்துவிட்டுப் போன லாரி எப்படிச் சிக்குகிறது, சிக்கினால் என்ன ஆகிறது

(திரையில்: அதிகாலை. காரிமங்கலம் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44. சாலையோர மண்ணில் ஒற்றைச் செருப்பு.)

பேப்பரில் இது எப்போதும் மூன்று வரிச் செய்திதான். "அடையாளம் தெரியாத வாகனம் மோதி பைக்கில் சென்றவர் பலி." நாலைந்து நாள் கழித்து இன்னொரு மூன்று வரி வந்தாலும் வரலாம்: "நிற்காமல் சென்ற லாரி டிரைவர் கைது." இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் என்ன நடக்கிறது, இரண்டாவது செய்திக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை. பெங்களூர் பக்கமிருந்து சேலம், மதுரை போகிற சரக்கெல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் வாசல் வழியாகத்தான் போகிறது. நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. காரிமங்கலம் தாண்டி ஒரு லாரி பைக்கை இடித்துவிட்டு, சேலம் பக்கம் போய்விட்டது. பார்த்த ஆள் கிடையாது. பின்னால் வந்த யாரோ போன் செய்து 108 வருகிறது, அப்புறம் போலீஸ்.

(திரையில்: டார்ச் வெளிச்சம் தார் ரோட்டில் மெல்ல நகர்கிறது.)

போலீஸ் முதலில் குனிந்து பார்ப்பது தரையைத்தான். ஹெட்லைட் சில்லு, இண்டிகேட்டரின் ஆரஞ்சு பிளாஸ்டிக், பைக்கின் டேங்க்கில் ஒட்டியிருக்கும் வேறு நிறப் பெயின்ட். உடைந்த துண்டின் உள்பக்கத்தில் பார்ட் நம்பர் தப்பியிருந்தால், எந்தக் கம்பெனி வண்டி, எந்த மாடல் என்பது வரை போய்விடலாம். மெயின்ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் அப்படி ஒரு துண்டைக் காட்டினேன். தலையைத் தூக்காமலே மாடல் பெயரைச் சொன்னார். "வாரத்துக்கு ரெண்டு மாத்தறேன் தம்பி, இது தெரியாதா?"

அடுத்தது டோல்கேட். தெற்கே போனால் தொப்பூருக்கு முன்னால் பாளையம், வடக்கே போனால் கிருஷ்ணகிரி. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த லேனில் கடந்தது என்பது பதிவாகிவிடுகிறது. விபத்து நேரத்திலிருந்து கணக்குப் போட்டுக் கேமராவை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பக்க ஹெட்லைட் எரியாமல், பம்பர் நசுங்கி வருகிற வண்டி எது? டோல் வருவதற்குள் உள்ரோட்டில் இறங்கிவிட்டால் வேலை கூடும். அப்போது பங்க், பேக்கரி, கல்யாண மண்டபம் என்று ஒவ்வொரு கேமராவாகக் கேட்டு அலைய வேண்டும்.

நம்பர் கிடைத்ததும் ஓனருக்கு நோட்டீஸ் போகும். அன்றைக்கு ஓட்டியது யார் என்று அவர் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவு அப்படி. இங்கேதான் ஒரு பழைய விளையாட்டு நடக்கும். ஓட்டியவனிடம் லைசென்ஸ் இருக்காது, அல்லது குடித்திருப்பான். லைசென்ஸ் உள்ள வேறொருவரை "நான்தான் ஓட்டினேன் சார்" என்று கூட்டிக்கொண்டு வருவார்கள். டோல் கேமராவில் தெரியும் முகமும், செல்போன் டவர் கணக்கும் வந்த பிறகு இது முன்னைப் போல எடுபடுவதில்லை.

சரி, சரியான ஆள் சிக்கிவிட்டார், கைதும் ஆகிவிட்டது. அப்புறம்?

நிறையப் பேருக்கு இங்கே வயிறு எரியும். சாயங்காலமே ஜாமீனில் வெளியே வந்துவிடலாம். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-வது பிரிவு. அதிகபட்சம் 5 ஆண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் 2 ஆண்டுதான் இருந்தது. நிற்காமல் போனதற்குத் தனியாக மோட்டார் வாகனச் சட்டம் 134, 187. முதல் தடவை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆமாம், ஐயாயிரம். ஒரு நல்ல டயரின் விலைகூட இல்லை.

"பத்து வருஷம் என்றார்களே?" என்று கேட்பீர்கள். அது 106(2). இடித்துவிட்டு, போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு வரை. 2024 ஜனவரி முதல் வாரத்தில் பல மாநிலங்களில் லாரிகள் நின்றதும், பங்க்குகளில் கூட்டம் முண்டியடித்ததும் இதனால்தான். லாரிக்காரர்கள் சங்கத்தோடு கலந்து பேசாமல் இதைக் கொண்டுவர மாட்டோம் என்று உள்துறைச் செயலாளர் சொன்ன பிறகுதான் வண்டிகள் நகர்ந்தன. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது இந்த ஒரு உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

(திரையில்: தொப்பூர் கணவாய் இறக்கம். டீக்கடை முன் வரிசையாக நிற்கும் லாரிகள்.)

டிரைவர்கள் பக்கமும் கேட்டுவிட வேண்டும். தொப்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் என்னைக் கேட்டார்: "நின்னா கூட்டம் அடிச்சே கொல்லும். போனா கேஸு. நீயா இருந்தா என்ன பண்ணுவ தம்பி?"

அது வெறும் சாக்கு இல்லை. அடி வாங்கிய டிரைவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் நான் சொன்னது இதுதான்: அண்ணா, சட்டம் உங்களை அங்கேயே நிற்கச் சொல்லவில்லை. 134-ஐ எழுதியவர்களே அந்தப் பயத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாவிட்டால் அதற்கு விலக்கு உண்டு என்கிறது. அப்படிப் போனால் அருகிலிருக்கும் ஸ்டேஷனில் முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போய்ச் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் தர வேண்டும். நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி 108-ஐயும் 100-ஐயும் கூப்பிட்டுவிட்டு, நேரே ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்துகிறவர் தப்பியோடியவர் ஆக மாட்டார். எத்தனை டிரைவர்களுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? லைசென்ஸ் எடுக்கும்போது எட்டுப் போடச் சொல்கிறோம், இதைச் சொல்வதில்லை.

ஓடுவதில் இன்னொன்றும் இருக்கிறது. மறுநாள் வந்து "நான் குடிக்கவில்லை" என்று சொன்னால் நிரூபிக்க வழி இல்லை. ரத்தத்தில் இருந்தது எல்லாம் அதற்குள் இறங்கியிருக்கும். நிதானமாக இருந்தவரும் குடித்தவராகவே பார்க்கப்படுவார்.

இதுவரை டிரைவர் கதை. செத்தவர் வீட்டுக்கு இதில் என்ன என்று பார்த்தால், கைதைவிட முக்கியம் வண்டி நம்பர்.

நம்பர் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். இறந்தவரின் வயது, சம்பாத்தியம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டும். இருபத்தெட்டு வயதுக்காரர், இரண்டு குழந்தைகள் என்றால் அது பெரிய தொகை. நம்பரே தெரியாவிட்டால்? அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. அவ்வளவுதான். 2022 ஏப்ரல் 1-க்கு முன்னால் இது வெறும் 25,000, 12,500 ஆக இருந்தது. கண்ணாடிச் சில்லு ஒன்று கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் பத்து, பதினைந்து வருஷ வாழ்க்கை இருக்கிறது.

(திரையில்: தாலுகா அலுவலக வாசல், மனுக் கொடுக்கும் வரிசை.)

அந்த 2 லட்சத்தைக்கூடப் பலர் வாங்குவதில்லை, இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனு வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம், பெரும்பாலும் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் மட்டத்தில்; ஆணை போடுவது கலெக்டர். பின்னாளில் வண்டி சிக்கித் தீர்ப்பாயத்தில் பணம் வந்தால், இந்த 2 லட்சம் அதில் கழிந்துவிடும். அதனால் இதை வாங்கிவிட்டால் அது போய்விடும் என்று பயந்து சும்மா இருக்க வேண்டாம்.

கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. வழக்குப் பதிந்து ஒரு மாதம் ஆகியும் வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இந்தத் திட்டத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று ஸ்டேஷன் அதிகாரியே அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முப்பது நாள் கழித்தும் "பார்த்துக்கிட்டிருக்கோம்மா" என்று வாய்ப்பேச்சாகவே அனுப்பினால், எஃப்ஐஆர் நகலோடு போய் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.