லீஸ் வீடும் கொரியாவின் தேதி முத்திரையும்

வணக்கம் நேயர்களே. ஓசூரில் வீடு தேடிப் போனால் 'வாடகைக்கு' என்ற பலகையோடு 'லீஸுக்கு' என்ற பலகையையும் பார்க்கலாம். 8 லட்சம், 10 லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று வருடத்துக்கு மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வர வேண்டும். இதையே நிலத்துக்குச் செய்தால் போக்கியம் என்போம்.

பல நாட்டு வீட்டுவசதிக் கொள்கையைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலும் வியன்னாவிலும் தொடங்குவார்கள். படிக்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் அங்கே நிலத்தை வாங்கிக் குவித்து, வீடு கட்டியதே அரசும் நகராட்சியும். ஓசூரில் வீடு கட்டி விடுகிறவர் பெரும்பாலும் தனி மனிதர். அதனால் நம்மிடம் இருக்கிற ஒரு வழக்கம் வேறு நாட்டில் எப்படி நடக்கிறது, எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் நமக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

தென்கொரியாவில் இந்த லீஸுக்கு ஜொன்சே என்று பெயர். பொலிவியாவிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே பத்திரமாக எழுதி, சொத்துப் பதிவேட்டில் ஏற்றினால்தான் சட்டப்படி செல்லும். கொரியாவில் வீட்டு மதிப்பில் பாதி முதல் 80 சதவீதம் வரை முன்பணம் போகும். தவணை பொதுவாக இரண்டு வருடம். அந்நாட்டு வங்கிகள் தொழிற்சாலைகளுக்கே முதலில் கடன் கொடுத்த காலத்தில், வீட்டுக்காரர்களுக்குக் குடியிருப்பவரின் பணமே கடனாக உதவியது. வட்டி உயர்ந்திருந்தவரை அந்தப் பணத்தின் வருமானமே அவர்களுக்கு வாடகை.

சிக்கல் இங்கேதான். வாங்கிய பணத்தை யாரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. இன்னொரு வீடு வாங்கியிருப்பார், கடனை அடைத்திருப்பார். அடுத்து வருகிறவர் கொடுப்பதை வாங்கித்தான் இவருக்குத் திருப்புவார். 2022இல் கொரியாவில் வட்டி ஏறி வீட்டு விலை இறங்கியபோது, புதிதாக வருகிறவர் குறைவாகத்தான் கொடுத்தார். பழையவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை இப்படி வைத்திருந்த ஒருவர் அந்த ஆண்டே இறந்துபோக, குடியிருந்தவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். 2023இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அங்கே 1981 முதல் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குக் குடிவந்து, முகவரி மாற்றத்தைப் பதிந்து, உள்ளூர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் ஒரு தேதி முத்திரை வாங்கிவிட்டால், வீடு ஏலத்துக்கு வரும்போது அந்தத் தேதிக்குப் பிறகு கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் இவர் நிற்பார். முத்திரைக் கட்டணம் 600 வான். நம் பணத்தில் 50 ரூபாய்க்குள். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. குடியிருப்பவரின் உரிமை அன்றைய நாள் முடிந்து மறுநாள் பிறக்கிற நள்ளிரவு 12 மணிக்குத்தான் தொடங்கும். வங்கி அடமானமோ பதிந்த அன்றே தொடங்கும். சாவி கொடுத்த அன்றே வீட்டை அடமானம் வைத்தவர்கள் அந்தச் சில மணி நேரத்தில்தான் புகுந்தார்கள்.

இனி நம் பக்கம். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, சொத்தை அனுபவத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்குவது சுவாதீன அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 10 லட்சத்துக்கு 50,000 ரூபாய். இதனால்தான் ஆட்கள் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். அவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொரியாவில் 50 ரூபாயில் கிடைக்கிற வரிசை உரிமைக்கு இங்கே 50,000 கேட்கிறோம். தேதி பதிய ஒரு மலிவான வழி இங்கும் வேண்டும். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கட்டாயமாக்கியது நல்லதுதான். ஆனால் லீஸ் தொகைக்கு வங்கியை முந்துகிற வரிசை உரிமை அதில் இல்லை.

அது இல்லாமல் என்ன ஆகும்? ஒரு வீட்டின் மதிப்பு 40 லட்சம், அதன் மேல் வங்கிக் கடன் 25 லட்சம், உங்கள் லீஸ் 10 லட்சம் என்று வையுங்கள். ஏலத்தில் 30 லட்சம்தான் வந்தால், வட்டியோடு வங்கி எடுத்தது போக 5 லட்சம்கூட மிஞ்சாது. அதிலும் உங்களுக்கு முன்னுரிமை இல்லை. வழக்குப் போட்டு வாங்க வேண்டும். கடனும் லீஸும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கொரியாவில் சொல்வார்கள். இந்தக் கணக்கில் அது 87ஐத் தாண்டுகிறது.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது பார்த்தது போதாது, முழுப்பணம் கொடுக்கும் நாளிலும் ஒருமுறை பாருங்கள். கொரியாவின் நள்ளிரவு ஓட்டை நமக்குச் சொல்வது இதைத்தான். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். 'பேங்கில் இருக்கு' என்றால் மீதிக் கடன் எவ்வளவு என்று வங்கிக் கடிதம் கேளுங்கள். பங்காளிகள் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். தொகை பெரிதென்றால் அந்த 5 சதவீதத்தை யார் எவ்வளவு ஏற்பது என்று வீட்டுக்காரரோடு பேசி முடித்துப் பதிவு செய்துவிடுங்கள். காலி செய்யும் நாளில் பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். பதிவு செய்திருந்தால், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் அன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொடுத்துவிட்டு வாருங்கள்.