காற்றில்லாத நாளில் விரித்த பாய்

நேயர்களுக்கு வணக்கம். 17ஆம் நூற்றாண்டின் டச்சுக் கடல் ஓவியங்கள் என்றதும் பீரங்கிப் புகையும் புயலும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்குப் பிடித்தவை, ஒன்றுமே நடக்காதது போலிருக்கும் கரையோரக் காட்சிகள்.

வில்லெம் வான் டெ வெல்டெ. அப்பா, மகன் இருவருக்கும் இதே பெயர்; இருவருமே ஓவியர்கள். அப்பா தோணியில் ஏறிப் போர்க்களத்துக்கே போய்விடுவார். 1666இல் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் நான்கு நாள் கடலில் மோதியபோது, குண்டுகளுக்கு நடுவே அந்தச் சண்டையைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார். பின்னாளில் இருவரும் இங்கிலாந்து போனார்கள். அரசர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் கொடுத்தார்: அப்பா கோட்டோவியம் எடுக்க, மகன் அதற்கு வண்ணம் கொடுக்க.

அந்த மகன் தீட்டிய அமைதிக் காட்சிகளைப் பாருங்கள். கடல் அசையாமல் கிடக்கிறது. கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. ஆனாலும் பாய்கள் அவிழ்ந்து தொங்குகின்றன. நிற்கிற கப்பலுக்கு எதற்குப் பாய்? காயப் போட்டிருக்கிறார்கள்! அன்றைய பாய்கள் நார்த்துணியால் ஆனவை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். அதனால் மழை விட்டு, காற்றும் அடங்கிய நேரம் பார்த்து அவிழ்த்து விடுவார்கள். நாம் அழகு என்று ரசிப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

சின்னப் படகுகளின் விலாவில் விசிறி மாதிரி ஒரு பலகை தொங்கும். அதையும் விட்டுவிடாதீர்கள். நெதர்லாந்தில் கரையோரக் கடல் ஆழமில்லாதது. தரைதட்டாமல் இருக்கப் படகின் அடியைத் தட்டையாகக் கட்டினார்கள். தட்டையான படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும். அப்போது அந்தப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினால் படகு பக்கவாட்டில் நகராமல் தன் வழியில் போகும். 1661இல் மகன் வரைந்த ஒரு படத்தில் கடல் உள்வாங்கியிருக்கிறது, படகுகள் கரையை ஒட்டி நிற்கின்றன, ஆட்கள் தங்கள் பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு ஓவியர், ஹென்ட்ரிக் வான் ஆன்தோனிசென். 1641 வாக்கில் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையை வரைந்தார். அந்தப் படம் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்கால மணலில் கூட்டம் கூட்டமாக மக்கள் நிற்பார்கள். எதைப் பார்க்கிறார்கள்? படத்தில் ஒன்றுமே இல்லை. பழைய வார்னிஷை எடுத்துச் சுத்தம் செய்தபோது, முதலில் அந்தரத்தில் நிற்பது போல ஒரு மனிதர் தெரிந்தார். அப்புறம் அவர் பக்கத்தில் பாய் போன்ற ஒரு வடிவம். பூச்சை இன்னும் மெல்ல நீக்கினார்கள். பாய் என்று நினைத்தது ஒரு கடலுயிரியின் துடுப்பு. கரை ஒதுங்கிய பெரிய திமிங்கிலத்தின் முதுகில் அவர் நின்றுகொண்டிருந்தார். பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். 2014இல் செய்தி வெளிவந்தது. அந்தக் கூட்டம் எதைப் பார்த்து நின்றது என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.