ஊர் உழவர் நிறுவனத்துக்குப் புதுக் கருவி கொண்டுபோவது எப்படி?

கேள்வி: அம்மா, நான் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளிக்குப் பக்கம். அப்பா அங்கே ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், அதாவது விவசாயிகளே சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில், டைரக்டர், 400 பேருக்கு மேல் உறுப்பினர்கள். தக்காளி, பீன்ஸ், ராகி போடுகிறார்கள். இங்கே பெங்களூரில் ட்ரோன், சென்சார், செயலி என்று எத்தனையோ கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டு பேரையும் எப்படிச் சேர்த்து வைப்பது?

பதில்: உட்காருங்கள் தம்பி, கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல கம்பெனி எது என்று தேடுவதில் தொடங்காதீர்கள். நான் அங்கேதான் தொடங்கினேன். சில வருடங்களுக்கு முன்னால், உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், பன்னிரண்டு தக்காளித் தோட்டங்களில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் நட்டோம். கம்பெனி இலவசமாகவே கொடுத்தது. தண்ணீர் விட வேண்டிய நேரத்தில் செல்போனுக்குச் செய்தி வரும். கருவியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செய்தி காலையில் வந்தது, மோட்டாருக்குத் தேவையான மும்முனை கரண்ட் அப்போது ராத்திரிதான் வந்தது. கரண்ட் இருக்கிற நேரத்தில் மோட்டாரை ஓட்டிவிடுவதுதான் அங்கே வழக்கம். நாளைக்கு எத்தனை மணி நேரம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டார் குறைவாக ஓடினால் பணம் மிச்சம் என்று சொல்லி அங்கே யாரையும் இழுக்க முடியாது. போர்வெல் வற்றுகிறவருக்குத்தான் அந்தச் செய்தியின் அருமை தெரியும். நாங்கள் கருவி நட்ட பன்னிரண்டு பேரில் அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். செய்தியோ தமிழில் வந்தது. அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கும் கன்னடமும். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிப்பதுதான் சிரமம். குரலாக அனுப்பியிருக்கலாம், எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏழாவது மாதம் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் யார் செய்வது என்று கேட்டார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. கம்பெனியில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு கருவிகளும் வெறும் குச்சியாக நின்றன. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் அடுத்த வருடம் உண்மையிலேயே உபயோகமான ஒரு பொருளோடு போனபோது, வாசலிலேயே நிறுத்தி வேண்டாம் என்றார்கள்.

அதனால் முதலில் ஊருக்குப் போங்கள். பதினைந்து உறுப்பினர்களை உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன பட்டத்தில், அதாவது போன சாகுபடிப் பருவத்தில், கைக்கு வர வேண்டிய பணம் எங்கே போனது? பெண்களும் அங்கே இருக்க வேண்டும். காய் பறிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். எந்தப் பாத்தியில் எப்போது புழு வந்தது என்று அவர்களைப் போல யாரும் சொல்ல மாட்டார்கள்.

தக்காளிக்காரர்கள் அநேகமாக ஊசிப்புழுவைச் சொல்வார்கள். மருந்துக் கடையில் டூட்டா என்கிறார்களே, அது. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது, இந்தியாவில் 2014இல் மகாராஷ்டிராவில் கண்டுபிடித்தார்கள். இலைக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொள்வதால் மருந்து எளிதில் எட்டாது. இதற்கு இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. பெண் அந்துப்பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஒருவர் மட்டும் வைத்தால் பெரிய பலன் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்த பெண் பூச்சி பறந்து வந்து இங்கே முட்டை வைத்துவிடும். நாற்பது பேர் ஒரே வாரத்தில் வைத்து, ஒரே வாரத்தில் பொறிக்குள் இருக்கும் வாசனைக் குப்பியை மாற்றி, அறுவடை முடிந்த செடிகளைத் தோட்டத்திலேயே விடாமல் அழித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். நாற்பது பேரை ஒரு தேதிக்குக் கொண்டுவருவது எந்தக் கம்பெனியாலும் முடியாது, உங்கள் அப்பாவின் நிறுவனத்தால் முடியும். நான் அவர்களிடம் எதிர்பார்க்கிற பெரிய வேலையே இதுதான்.

ட்ரோனுக்கும் இதே கணக்கு வரும். ஒரு ஏக்கருக்கு மருந்தடிக்க அதற்குப் பத்து லிட்டர் தண்ணீர், பத்து நிமிடம் போதும். ஆனால் 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் பல இடங்களில் இரண்டு, மூன்று துண்டாகக் கிடக்கும். வண்டியில் கொண்டுவந்து, இறக்கி, பேட்டரி மாற்றி, மருந்து கலக்குகிற நேரம் பறக்கிற நேரத்தை விட அதிகமாகிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இருபது பேர் ஒரே நாளில் அடிக்கச் சம்மதித்தால் கட்டுப்படியாகும். அப்போதும் வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். அப்படி வாங்கிய குழு பக்கத்தில் இருந்தால் அவர்களிடமே பேசுங்கள். ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், உங்கள் ஊருக்கு ட்ரோன் அவசரமில்லை. ராகிக்கு மருந்தே அதிகம் தேவைப்படாது. குச்சி நட்டுக் கயிறு கட்டிய தக்காளியில் வெள்ளை ஈ இலைக்கு அடியில் இருக்கும், மேலிருந்து தெளிப்பது அங்கே சரியாகச் சேராது.

அப்புறம், ஆள். இது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. இதே பெங்களூரில், 2006இல், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் டிஜிட்டல் கிரீன் என்று ஒரு முயற்சி தொடங்கியது. பேராசிரியர்களைப் பேச வைக்காமல், அந்தந்தப் பகுதி விவசாயிகளையே படம் பிடித்து, பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நடுநடுவே நிறுத்திப் பேசுவதற்கு உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே இருப்பார். கர்நாடகக் கிராமங்களில் நடந்த அந்த முதல் ஆய்வில், வழக்கமான பயிற்சியை விட ஏழு மடங்கு அதிகமாகப் புது முறைகளை ஏற்றுக்கொண்டார்கள். படம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது படத்தில் இருப்பவர் பெயர் என்ன, எந்த ஊர் என்றுதானாம். நம் ஊரிலும் அப்படித்தானே?

எனவே உங்கள் ஊரிலேயே பன்னிரண்டாவது படித்த ஒரு பெண்ணையோ பையனையோ எடுங்கள், சம்பளம் கொடுங்கள். சேவையாகச் செய் என்று சொல்லாதீர்கள். பணம் எங்கிருந்து வரும் என்பீர்கள். மத்திய அரசு 2020இல் தொடங்கிய பத்தாயிரம் உழவர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தில் அப்பாவின் நிறுவனம் இருந்தால், மூன்று வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு வரும். சி.இ.ஓ. சம்பளமும் அதில்தான் ஓடும். மூன்று வருடம் முடிந்ததும் அது நின்றுவிடும். பல நிறுவனங்கள் அங்கேதான் தள்ளாடுகின்றன. அதனால் கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தை நிறுவனத்தின் பெயரில் போட்டு, இத்தனை ஏக்கருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம் பேசுங்கள். அந்தப் பிள்ளையின் சம்பளம் அதிலிருந்து வரட்டும்.

ஒப்பந்தத்தைப் படிப்பதுதான் உங்களுக்கான வேலை என்று நினைக்கிறேன். செயலி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கெட்டுப்போனால் எத்தனை நாளில் வருவார்கள், ரீசார்ஜ் யார் பொறுப்பு, தோட்டத்தின் தகவலை நமக்கு எடுத்துத் தருவார்களா, கம்பெனியை மூடினால் கருவி வேலை செய்யுமா. இதையெல்லாம் கேட்க அப்பாவுக்குக் கூச்சம் இருக்கும், உங்களுக்கு இருக்கக்கூடாது.

சோதனையை ஒரு முழுப் பட்டத்துக்கு வையுங்கள். ஒரே ஆளின் நிலத்தில் பாதியில் புதுமுறை, பாதியில் பழையமுறை, இரண்டுக்கும் தனித்தனி நோட்டில் கணக்கு. தலைவரின் தோட்டத்தில் வைக்காதீர்கள். அங்கே மண்ணும் நன்றாக இருக்கும், தண்ணீரும் இருக்கும், விளைந்தால் அவருக்கு எப்படியும் விளையும் என்பார்கள். சாதாரண உறுப்பினர் ஒருவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

இன்னொன்று. புதுத் தொழில்நுட்பம் என்றால் பேட்டரி போட்ட பொருள் என்றே நினைக்க வேண்டாம். பெங்களூர் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் கொடுத்த அர்கா ரக்‌ஷக் என்ற தக்காளி ரகம் இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். போன பட்டத்தில் பணம் வாடல் நோயில்தான் போனது என்று ஊரில் சொன்னால், நீங்கள் கொண்டுபோக வேண்டியது விதை. தளியில் காலையில் வேன் எடுத்தால் மதியத்துக்குள் அங்கே இருக்கலாம். பத்துப் பேரைக் கூட்டிப்போங்கள், அதில் ஐந்து பேராவது காய் பறிக்கிற பெண்களாக இருக்கட்டும். அவர்களுக்கு அன்றைய கூலியை நிறுவனம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வர மாட்டார்கள். போகும் முன் விஞ்ஞானியிடம் போனில் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பின்வரிசையில் அந்த அக்கா ரொம்ப நேரமாகக் கை தூக்கி வைத்திருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.