உருண்டையின் மேல் ஒரு நூல்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். நேர்கோட்டில் அளந்தால் 30 கூட வராது. மலை என்றால் வளைந்துதான் ஏறவேண்டும். நம் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் ஆகாயத்தில் குறுக்கே நிற்க மலை ஏது? பிறகு விமானம் ஏன் வளைந்து போகிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் கேத்தியில் என் பக்கத்து வீட்டு அக்கா. கேரட் தோட்டம் வைத்திருக்கிறார். மகளுக்கு சான் பிரான்சிஸ்கோவில் வேலை. 2021 ஜனவரியில், பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் அங்கிருந்து வட துருவத்தின் மேல் பறந்து பெங்களூரு வந்த செய்தியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சார், கடலைத் தாண்டி நேரா வந்தா ஆகாதா? எதுக்குப் பனிக்குள்ள போய்ச் சுத்திக்கிட்டு வரணும்?"

நான் வாத்தியாராக இருந்தவன். அலமாரியிலிருந்து பழைய உலக உருண்டையை எடுத்தேன். 30 சென்டிமீட்டர் விட்டம். அவர் பூ கட்டும் நூலைக் கொண்டுவந்தார். பெங்களூரில் ஒரு நுனியை அவர் விரலால் அழுத்திக்கொள்ள, மறுநுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்தேன். தொய்வு போனதும் நூல் தானாக வடக்கே நழுவி, துருவப் பகுதிக்குள் போய் நின்றது. நாங்கள் யாரும் அதை நகர்த்தவில்லை! அளந்தால் 33 சென்டிமீட்டர். நிஜத்தில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டும் தட்டைப் படத்தில் பசிபிக் வழியாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதே கோட்டை உருண்டைக்கு மாற்றினால் 38 சென்டிமீட்டர். அதாவது 2,000 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். சுற்றுவழி என்று நாம் நினைத்ததுதான் குறுக்குவழி. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது படம் துருவப் பகுதிகளை இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் விமானிக்கு நூல் மட்டும் போதாது. காற்றும் வேண்டும். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக்காற்று, சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். 2016-இல் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம், அட்லாண்டிக் பக்கம் போவதை விட்டு, பசிபிக் பக்கமாகத் திரும்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது. ஆனாலும் காற்று முதுகில் தள்ளியதால் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அக்கா நூலிலிருந்து விரலை எடுக்காமல் கேட்டார்: "அப்போ என் பொண்ணு இருக்கிற திசை கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லையா?"

வடக்கு, சற்றே கிழக்கே சாய்ந்தாற்போல என்றேன். கேத்தியில் வடக்கு என்றால் தொட்டபெட்டா. மகளோடு போனில் பேசும்போது இப்போதெல்லாம் அவர் அந்த மலையைப் பார்த்துத்தான் நிற்கிறார்.